அனீல் செய்தபின் பிவிடிஎஃப் ஃபிலிமின் மின்காப்பு மாறிலி ஏன் இறங்கியது?

நீங்கள் கேட்டிருப்பது இது. பிவிடிஎஃப் (பாலிவினைலிடீன் ஃபுளோரைடு என்ற பிளாஸ்டிக்) தூளை டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு) என்ற கரைப்பானில் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, 60 டிகிரியில் காயவைத்து ஃபிலிம் எடுத்தீர்கள். அதை ஓவனில் 120 டிகிரியில் 4 மணி நேரம் அனீல் செய்தீர்கள், அதாவது உருகாத சூட்டில் வைத்துப் பதப்படுத்தினீர்கள். படித்த கட்டுரைகளிலெல்லாம் அனீலிங்குக்குப் பிறகு மின்காப்பு மாறிலி (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் திறனின் அளவு) ஏறுகிறது. உங்களுடையது 1 கிலோஹெர்ட்ஸில் 11-இலிருந்து 8.5-க்கு இறங்கிவிட்டது, கூடவே இழப்பும் (வெப்பமாக வீணாகும் மின் ஆற்றலின் பங்கு) குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு அதே ஃபிலிமை 90 டிகிரிக்குச் சூடாக்கி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அளந்தால் 30, 40 என்று எண் எகிறுகிறது. "எங்கே தப்பு செய்தேன்?" என்கிறீர்கள். அநேகமாக எங்கும் இல்லை. நான் சந்தேகப்படுவது உங்கள் 8.5-ஐ அல்ல, முதலில் கிடைத்த 11-ஐ. அந்தப் 11-இல் ஃபிலிமுக்குச் சொந்தமில்லாத ஒரு பங்கு இருந்திருக்கும், 120 டிகிரி அதை வெளியே துரத்தியிருக்கும் என்பது என் கணிப்பு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன். முன்கூட்டியே ஒன்று: நான் பல வருடம் கைவைத்தது 10 முதல் 50 மைக்ரான் வரையிலான வார்ப்பு ஃபிலிம்களில்தான். நானோமீட்டர் கணக்கில் ஸ்பின் கோட் செய்யும் படலங்களில் அடித்தளத்தின் பிடி வேறு கதை, அதற்கு நான் சொல்வதை அப்படியே பொருத்த வேண்டாம்.

அடிப்படையிலிருந்து வருகிறேன், சுருக்கமாகத்தான். பிவிடிஎஃப் சங்கிலியில் ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், அடுத்த கார்பனில் இரண்டு ஃபுளோரின், இப்படி மாறி மாறி வரும். ஒவ்வொரு அலகும் சுமார் 2 டிபை (இருமுனை வலிமையின் அலகு) அளவுள்ள ஒரு மின் இருமுனை, அதாவது ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னேற்றம். சங்கிலி முறுக்கில்லாமல் நேராக நின்றால் ஃபுளோரின் எல்லாம் ஒரு பக்கமும் ஹைட்ரஜன் எல்லாம் மறுபக்கமும் சேர்ந்துகொள்ளும். அதுதான் பீட்டா வடிவம். ஒன்றுவிட்டு ஒன்று முறுக்கிக்கொண்டு, பக்கத்துச் சங்கிலி எதிர்த்திசையில் படுத்து, இருமுனைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் வடிவம் ஆல்ஃபா. காமா இரண்டுக்கும் நடுவில். இதுவரை எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. பலர் மறந்துவிடுவது என்னவென்றால், ஃபிலிமில் ஏறக்குறைய பாதிதான் படிகம். மீதிப் பாதி ஒழுங்கில்லாமல் சுருண்டு கிடக்கும் சங்கிலி. அதன் கண்ணாடி நிலை மாற்றம் சுமார் மைனஸ் 40 டிகிரியில் நடந்து முடிந்துவிடுவதால், நம் அறை வெப்பநிலையில் அந்தப் பகுதி இளகிய ரப்பர் மாதிரி இருக்கிறது. அதிலுள்ள இருமுனைகள் மின்புலம் திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும். ஆல்ஃபா படிகத்துக்குள் இருப்பவை அப்படித் திரும்ப முடியாது. பீட்டா படிகத்தில் இருப்பவை கட்டுக்கோப்பாக ஒரே திசையில் நிற்கின்றனவே தவிர, மின்தேக்குத் திறனை அளக்கும் எல்சிஆர் மீட்டர் கொடுக்கும் ஒரு வோல்ட் சிறு புலத்துக்கு அவை அணி திரும்புவதில்லை; அதற்கு ஒரு மைக்ரானுக்கு 50 வோல்ட் அல்லது அதற்கும் மேலே வேண்டும். ஆகவே உங்கள் மீட்டரில் தெரிகிற எண்ணில் பெரிய பங்கு அந்த ஒழுங்கற்ற பாதியிலிருந்து வருகிறது. "படிகத்தன்மை கூடினால் மாறிலியும் கூடும்" என்று எடுத்துக்கொண்டு ஆரம்பித்தீர்கள் பாருங்கள், அங்கேயே கொஞ்சம் வழுக்கிவிட்டது. சாதாரண பிவிடிஎஃப்பில், அறை வெப்பநிலையில், படிகம் கூடினால் மாறிலி இறங்குவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

120 டிகிரியில் 4 மணி நேரம் என்பது படிகத்தைக் கூட்டக்கூடிய சூடுதான். உருகுநிலை 170-ஐ ஒட்டி இருக்கிறது, அதற்கு 50 டிகிரி கீழே நிற்கிறோம். ஒல்லியான, அரைகுறைப் படிகத் தகடுகள் உருகி, கொஞ்சம் தடித்த தகடுகளாகத் திரும்ப அடுக்கிக்கொள்கின்றன. டிஎஸ்சி (சூடேற்றும்போது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் சோதனை) எடுத்துப் பார்த்தால் பெரிய உருகு முகட்டுக்கு முன்னால், அனீல் செய்த வெப்பநிலையை விடச் சுமார் 10 டிகிரி மேலே, சின்னதாக ஒரு மேடு தெரியும். உங்கள் ஃபிலிமில் அது 130 பக்கம் வந்தால் அனீலிங் வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நூறு சதவீதப் படிகத்தின் உருகு வெப்பம் கிராமுக்கு 105 ஜூல் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சில சதவீத ஏற்றம் வரும், அவ்வளவுதான். அது மட்டும் 11-ஐ 8.5-க்குத் தள்ளாது. வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து போயிருக்கிறது.

அந்த வேறு ஏதோ ஒன்று டிஎம்எஃப். இதன் கொதிநிலை 153 டிகிரி. 60 டிகிரியில் தட்டு காய்ந்துவிட்டது, ஃபிலிம் உரிந்து வந்துவிட்டது என்றால் கரைப்பான் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஃபுளோரின் பக்கமும் அமைடு பக்கமும் ஒன்றுக்கொன்று பிடித்துப்போனவை. கடைசிச் சில சதவீதம் கிளம்பவே கிளம்பாது, நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். டிஎம்எஃப்பின் மின்காப்பு மாறிலி கிட்டத்தட்ட 37. ஃபிலிமில் 5 சதவீதம் தங்கியிருக்கிறது என்று வைத்து, மிக எளிய கூட்டல் கணக்குப் போட்டாலே ஒன்றேகால் அளவு ஏறிவிடுகிறது. அதற்கு மேல் அது சங்கிலிகளுக்கு எண்ணெய் விட்ட மாதிரி வேலை செய்து, படிகத்தை ஒட்டி இறுகிக் கிடந்த சங்கிலிகளையும் இளக்கிவிடுகிறது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. தூளில் எஞ்சியிருக்கும் உப்பு அயனிகள் நடமாட வழி செய்கிறது. இந்த விருந்தாளி கிளம்பினால் மாறிலியும் இழப்பும் இரண்டும் சேர்ந்து இறங்கும். உங்களுக்கு நடந்ததும் அதுதான். இரண்டும் ஒன்றாக இறங்கியதுதான் என் கணிப்புக்கு முக்கியத் தடயம்.

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. இன்னொரு ஃபிலிம் வார்த்து, நாலு தசம எடைத் தராசில் அனீலிங்குக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். அப்புறம் எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலைக் கருவி) இருந்தால் 1670 அலைஎண்ணை ஒட்டி ஒரு முகடு இருக்கிறதா என்று பாருங்கள். அது கார்போனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) முகடு; பிவிடிஎஃப்பில் கார்போனைல் கிடையாது. அங்கே ஏதாவது நின்றால் அது டிஎம்எஃப்தான். நான் பார்த்த மாணவர்களில் பலர் இந்த நிறமாலையை எடுத்து, ஆல்ஃபா, பீட்டா முகடுகள் வரும் 800 பக்கம் மட்டும் வெட்டி ஒட்டி, 1670-ஐப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

60 டிகிரி வார்ப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு, துளை. டிஎம்எஃப் கரைசலில் இருந்து 70 டிகிரிக்குக் கீழே காயவைத்தால் பெரும்பாலும் பீட்டா கிடைக்கிறது, 110-க்கு மேலே காயவைத்தால் பெரும்பாலும் ஆல்ஃபா, நடுவில் கலவை. இது பலர் பல முறை செய்து பார்த்த விஷயம். பீட்டா வேண்டும் என்று குறைந்த சூட்டில் மெதுவாகக் காயவைக்கிறோம். ஆனால் அந்த ஃபிலிம் பஞ்சு மாதிரி நுண்துளைகளோடு வருகிறது, அதனால்தான் வெள்ளையாக, பால் நிறத்தில் தெரிகிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் இன்னும் மோசம். டிஎம்எஃப் ஈரத்தை உறிஞ்சும், தண்ணீர் வந்ததும் பாலிமர் கரைசலிலிருந்து பிரிந்து திரியும். சென்னையில் ஒரு ஐப்பசி மாதம் முழுக்க நான் வார்த்த ஒரு ஃபிலிம்கூடத் தெளிவாக வரவில்லை. புதுத் தூள் மூட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தை பிறந்ததும் அதே மூட்டை கண்ணாடி மாதிரி ஃபிலிம் கொடுத்தது. துளையில் இருப்பது காற்று, அதன் மாறிலி 1. உருகுநிலைக்குக் கீழே எவ்வளவு நேரம் அனீல் செய்தாலும் துளை மூடாது, சூட்டோடு அழுத்தமும் கொடுத்தால்தான் மூடும். துளைக்குள் தங்கியிருந்த டிஎம்எஃப்பும் ஈரமும் போய் அந்த இடத்தில் வெறும் காற்று உட்கார்ந்தால் மாறிலி இறங்கத்தானே செய்யும்? துளையில்லாத, இழுத்து நீட்டிய நல்ல பீட்டா ஃபிலிமில் 12-ஐ ஒட்டி வருகிறது, உங்கள் 8.5 அதைவிடக் குறைவாக நிற்பதில் துளைக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

சரி, அப்படியானால் கட்டுரைகளில் ஏன் ஏறுகிறது? அவர்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் படித்தவற்றில் பாதியாவது வெறும் பிவிடிஎஃப்பைப் பற்றியதாக இருக்காது, அதன் சங்கிலியில் டிரைஃபுளோரோஎத்திலீன் என்ற இன்னொரு அலகையும் சேர்த்த கோபாலிமரைப் பற்றியதாக இருக்கும். தலைப்பில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் கவனித்துப் படிக்க வேண்டும். 70-க்கு 30 விகிதக் கோபாலிமர் ஒரு நல்ல உதாரணம். அது சுமார் 150 டிகிரியில் உருகுகிறது. ஆனால் அதற்கு வெகு முன்பே, சூடேற்றும்போது 100 டிகிரியை ஒட்டி, அதன் இருமுனை ஒழுங்கு கலைந்துவிடுகிறது. அதுதான் கியூரி வெப்பநிலை. குளிரும்போது அதே இடத்தில் ஒழுங்கு திரும்பாது, 60, 70 டிகிரிக்கு வந்தால்தான் திரும்பும். இந்த 100-க்கும் 150-க்கும் நடுவில் இருக்கிற ஜன்னல்தான் அனீலிங்கின் பொற்காலம். அந்த நிலையில் சங்கிலிகள் அறுகோண அடுக்கில் தளர்வாக நின்று, தம் நீளவாக்கில் வழுக்கிக்கொண்டு நகர முடிகிறது. 135, 140 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் படிகத் தகடுகள் நன்றாகத் தடித்துவிடும். திரும்பக் குளிர்ந்ததும் அத்தனையும் பீட்டா போன்ற ஒழுங்கில் நிற்கும். முனைவாக்க வளையம் (புலத்தை முன்னும் பின்னும் திருப்பும்போது இருமுனைகள் அணிவகுக்கும் அளவைக் காட்டும் வரைபடம்) பருக்கும், கியூரி வெப்பநிலையில் மாறிலியின் முகடு கூர்மையாக உயரும். ஆக அவர்கள் "ஏறுகிறது" என்பது பெரும்பாலும் புலத்தை எடுத்த பின்னும் எஞ்சும் முனைவாக்கத்தையோ அந்த முகட்டையோதான்.

வெறும் பிவிடிஎஃப்புக்கு இந்த ஜன்னல் கிடையாது. அதன் கியூரி வெப்பநிலை என்று ஒன்று இருந்தாலும் அது உருகுநிலைக்கு மேலேதான் இருக்க வேண்டும், அதற்குள் ஃபிலிம் உருகிவிடுகிறது. ஆகவே 120 டிகிரியில் நீங்கள் செய்த அனீலிங்கும் கோபாலிமர்க்காரர் 140-இல் செய்த அனீலிங்கும் பெயரில் மட்டும்தான் ஒன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபாலிமரில் கொஞ்சம் பேராசைப்பட்டு 150-ஐத் தாண்டிவிட்டால் எல்லாம் தலைகீழ். உருகிக் குளிர்ந்த மெல்லிய படலத்தில் சங்கிலிகள் தரைக்குச் செங்குத்தாக நின்றுவிடும் பழக்கமுடையவை. இருமுனை சங்கிலிக்குக் குறுக்காக இருப்பதால் அது தரையோடு படுத்துவிடும், மேலும் கீழுமாக நாம் கொடுக்கும் மின்புலத்துக்கு அது எட்டாது. படிகத்தன்மை எண் ரொம்ப அழகாக இருக்கும், முனைவாக்கம் மட்டும் சரிந்து கிடக்கும். ஓவனின் காட்சித் திரை 145 காட்டும்போது தட்டின் மேல் 152 இருக்கும் ஓவன்களை நான் பார்த்திருக்கிறேன். தெர்மோகப்பிளை ஃபிலிம் பக்கத்திலேயே வையுங்கள்.

பீட்டா அனீலிங்கில் ஆல்ஃபாவாக மாறியிருக்குமோ என்று நீங்கள் கேள்விக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். 120-இல் அது பெரிய அளவில் நடக்க வாய்ப்பில்லை. இப்படி வார்த்தெடுத்த பீட்டா படிகம் உருகும் வரை பெரும்பாலும் பீட்டாவாகவே இருக்கும். உருக்கிவிட்டுச் சாதாரணமாகக் குளிரவிட்டால்தான் ஆல்ஃபாவாக வரும். ஆல்ஃபாவை உருகுநிலைக்குச் சற்றுக் கீழே, 160-ஐத் தாண்டி மணிக்கணக்கில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் காமாவாக மாறுவதும் உண்டு. இழுத்து நீட்டிய ஃபிலிம் மட்டும் தனி ரகம். 1969-இல் ஜப்பானில் கவாய் பிவிடிஎஃப்பின் அழுத்தமின் விளைவை (அழுத்தினால் மின்னேற்றம் வருவதை) காட்டியது நீட்டி முனைவாக்கிய ஃபிலிமில்தான். இன்றும் சுமார் 80 டிகிரியில் நாலைந்து மடங்கு இழுத்துத்தான் ஆல்ஃபாவை பீட்டாவாக்குகிறார்கள். அந்த ஃபிலிமைச் சும்மா 120-இல் போட்டால் சுருங்கி அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், அழுத்தமின் குணமும் கணிசமாகப் போய்விடும். உங்களுடையது நீட்டாத ஃபிலிம் என்பதால் அந்தக் கவலை இல்லை.

இப்போது அந்த 30, 40 எண்ணுக்கு வருகிறேன். 90 டிகிரியில், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தெரிவதை ஃபிலிமின் மின்காப்பு மாறிலி என்று எழுதிவிடாதீர்கள். சூட்டில் அயனிகள் நகர ஆரம்பிக்கின்றன; புலம் மெதுவாகத் திரும்பும்போது அவை எலக்ட்ரோடு வரை போய் அங்கே குவிகின்றன, படிகத்துக்கும் ஒழுங்கற்ற பகுதிக்கும் நடுவிலுள்ள எல்லையிலும் குவிகின்றன. மீட்டருக்கு அது பெரிய மின்தேக்கி மாதிரி தெரியும். சோதிப்பது எளிது: மாறிலியின் கற்பனைப் பகுதியை (இழப்பைக் காட்டும் பகுதியை) அதிர்வெண்ணோடு இரண்டு அச்சும் மடக்கையாக வரையுங்கள். தாழ்ந்த அதிர்வெண் பக்கம் கோடு மைனஸ் 1 சரிவில் நேராக ஏறினால் அது கடத்தல் மின்னோட்டம், இருமுனை அல்ல. ஆல்ஃபா கலந்திருந்தால் இந்த வெப்பநிலையில் படிகச் சங்கிலிகளின் மெதுவான அசைவும் ஒரு மேடாக வரும், அது உண்மையான இருமுனை விளைவு. ஆனால் கடத்தல் அதை மூடி மறைத்துவிடும். மின் மாடுலஸ் வடிவில், அதாவது உண்மைப் பகுதியும் கற்பனைப் பகுதியும் சேர்ந்த மாறிலியின் தலைகீழியை வரைந்தால் எலக்ட்ரோடு குவிப்பு அமுங்கி அந்த மேடு வெளியே தலைகாட்டும். இன்னொரு பக்கம், மெகாஹெர்ட்ஸில் அளந்தால் அறை வெப்பநிலையிலேயே மாறிலி இறங்கி இழப்பு ஏறும். ஒழுங்கற்ற பகுதியின் அசைவால் புலத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால் "அனீலிங்கால் மாறிலி இவ்வளவு மாறியது" என்ற வாக்கியத்துக்கு அதிர்வெண்ணும் வெப்பநிலையும் சொல்லாமல் அர்த்தமே கிடையாது.

அளவீட்டில் நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது, எலக்ட்ரோடு எப்படி வைத்தீர்கள்? இரண்டு பித்தளைத் தட்டுக்கு நடுவில் ஃபிலிமை வைத்து இறுக்கினீர்கள் என்றால் மேலே சொன்ன அத்தனையையும் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் பாருங்கள். அனீல் செய்த ஃபிலிம் லேசாகச் சுருங்கி நெளியும். மாறிலி 10 உள்ள 20 மைக்ரான் ஃபிலிமுக்கும் தட்டுக்கும் இடையே மொத்தம் 1 மைக்ரான் காற்று நின்றால், அந்த ஒரு மைக்ரான் காற்று 10 மைக்ரான் ஃபிலிமுக்குச் சமம். மின்தேக்குத் திறன் மூன்றில் இரண்டாகிவிடும், 10 என்பது 6.7 ஆகத் தெரியும். உங்கள் வீழ்ச்சி முழுவதையும் இந்த ஒரு மைக்ரானே விளக்கிவிடும். ஆனால் அப்போது இழப்புக் கோணமும் அதே விகிதத்தில்தான் குறையும். உங்களுக்கு இழப்பு பாதிக்கும் கீழே போயிருந்தால் காற்று மட்டும் காரணமல்ல. இரண்டு பக்கமும் வெற்றிடத்தில் அலுமினியமோ தங்கமோ ஆவியாக்கிப் படியவைத்தால் பிரச்சினை தீர்ந்தது. வெள்ளிப் பசை தடவுவதாக இருந்தால் அதிலுள்ள கரைப்பான் என்னவென்று பார்த்துவிட்டுத் தடவுங்கள்; கீட்டோன் வகை என்றால் ஃபிலிமை ஊதவைக்கும், கோபாலிமரை என்றால் கரைத்தே விடும். நான் ஒருமுறை அப்படி ஒரு வாரத்து வேலையை ஓட்டை போட்டிருக்கிறேன். தடிமனையும் அனீலிங்குக்குப் பிறகு மறுபடி ஐந்தாறு இடத்தில் அளக்க வேண்டும். 20 மைக்ரானில் 1 மைக்ரான் பிசகினால் மாறிலியில் 5 சதவீதம் பிசகு, அது நேரடி.

நான் உறுதியாகச் சொல்பவை எவை, ஊகம் எவை என்று பிரித்துவிடுகிறேன். ஒழுங்கற்ற பகுதிதான் அறை வெப்பநிலையில் அதிகம் பங்களிக்கிறது, தாழ்ந்த அதிர்வெண் எகிறல் அயனிகளுடையது, கோபாலிமருக்கு மட்டும் அந்த அனீலிங் ஜன்னல் உண்டு: இவை எனக்கு உறுதி. டிஎம்எஃப் போனதுதான் உங்கள் 2.5 வீழ்ச்சியின் பெரும்பங்கு என்பது தடயங்களை வைத்துச் சொல்வது; எடை பார்த்தால் தெரிந்துவிடும். பீட்டா பங்கு இத்தனை சதவீதம் என்று எஃப்டிஐஆரை வைத்துத் தசமப் புள்ளியோடு எழுதுவதை மட்டும் நான் நம்புவதில்லை. 763-இல் ஆல்ஃபா, 840-இல் பீட்டா என்று எடுத்து ஒரு சூத்திரத்தில் போடுகிறார்கள். அந்த 840-இல் காமாவும் சேர்ந்தே நிற்கிறது. 1275-இல் தனி முகடு வருகிறதா, 1234-இல் வருகிறதா என்று பார்த்துவிட்டு "பீட்டா அதிகம்", "காமா கலந்திருக்கிறது" என்று நிறுத்திக்கொள்வது நேர்மையானது. படிகமும் இல்லாமல், முழுக்கத் தளர்ந்ததும் இல்லாமல் இரண்டுக்கும் இடையே தொங்கும் பகுதி அனீலிங்கில் எப்படி மாறுகிறது, அதன் பங்கு எவ்வளவு என்பதில் இந்தத் துறையிலேயே ஒருமித்த கருத்து இல்லை. மின்முறிவு வலிமை பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதற்குப் புள்ளியியலோடு நிறைய மாதிரிகள் உடைக்க வேண்டும். நான் அந்த அளவுக்கு உடைத்ததில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

செய்ய வேண்டியது என்று கேட்டால், ஒரே கரைசலிலிருந்து மூன்று ஃபிலிம் எடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். ஒன்றை வெற்றிட ஓவனில் 80 டிகிரியில் ஒரு முழு நாள் வையுங்கள்; கரைப்பானைத் துரத்தும், படிகத்தை அதிகம் தொடாது. மூன்றாவதை அதே மாதிரி வெற்றிடத்தில் காயவைத்து, அப்புறம் 120-இல் 4 மணி நேரம் அனீல் செய்யுங்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் கரைப்பானுடையது, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ளது பெரும்பாலும் படிகத்துடையது. என் கணிப்பு சரி என்றால் முதல் இடைவெளி பெரிதாகவும் அடுத்தது அரை எண் அளவிலும் இருக்கும். தலைகீழாக வந்தால் எண்களை இங்கேயே போடுங்கள், நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ஓவனில் வைத்த இரண்டையும், ஓவனை அணைத்துவிட்டு உள்ளேயே குளிரவிடுங்கள். ஒன்றை மட்டும் அவசரத்தில் வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டால் குளிரும் வேகமும் ஒரு மாறியாகிவிடும், பிறகு எதை எதோடு ஒப்பிட்டோம் என்று தெரியாமல் போகும்.